கம்பெனி ஐட்டமா, பட்டறை ஐட்டமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்கள் நாலு பேர் ஒன்று கூடினால் அரை மணி நேரத்துக்குள் சண்டை வந்துவிடும். எந்தக் கார் ஒசத்தி என்பதில் இல்லை, அதிலாவது சமாதானம் ஆகிவிடலாம். கையில் இருக்கும் காரை என்ன செய்வது என்பதில்தான் சண்டையே.

ஒரு கட்சி சொல்லும்: "கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படியே வெச்சிரு. ஒரு திருகாணியக் கூடத் தொடாதே!"

இன்னொரு கட்சி சொல்லும்: "கார் வாங்கினது ஓட்டறதுக்கு. இன்னும் வேகமா ஓடும்னா அதை ஏன் கட்டிப்போட்டு வைக்கணும்?"

"ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான்" என்று சொல்லி நழுவிவிடுவது சுலபம். பட்டிமன்ற நடுவர் வேலை அது. ஆனால் பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு காரை எடுத்து நடுவில் நிறுத்திவைத்துப் பேசினால், இந்தச் சண்டை வேறு இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதற்குத் தோதான கார் ஒன்று உண்டு. நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், அதிலும் ஆர்32.

ஆர்32 என்றால் என்ன?

ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்ற பெயர் 1969-லேயே வந்துவிட்டது. இரண்டாம் தலைமுறை 1973-ல் வெறும் 197 கார்களோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு 16 வருஷம் அந்தப் பெயரில் காரே கிடையாது. 1989-ல்தான் ஆர்32 வந்தது.

வந்ததற்குக் காரணம் ரேஸ். அந்தக் காலத்தில் 'குரூப் ஏ' என்றொரு ரேஸ் வகை இருந்தது. அதில் ஓட வேண்டுமானால் அதே மாதிரி காரை ஆயிரக்கணக்கில் செய்து சாதாரண ஜனங்களுக்கும் விற்றாக வேண்டும். அதாவது ரேஸ் காருக்கு ரோட்டில் ஒரு அண்ணன் தம்பி இருக்க வேண்டும். விதியில் இன்னொரு கணக்கும் உண்டு. டர்போ வைத்த என்ஜின் என்றால் அதன் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கித்தான் எந்த வகுப்பு என்று முடிவு செய்வார்கள். ஆர்32-ன் என்ஜின் 2568 சிசி. 1.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4366 வரும். 4500 சிசி வகுப்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்! வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போகும் காருக்கு யாரும் இப்படிக் கணக்குப் போட்டு என்ஜின் செய்ய மாட்டார்கள்.

ஆறு சிலிண்டர் வரிசையாக, இரண்டு டர்போ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், வார்ப்பிரும்பு பிளாக், நாலு சக்கரத்துக்கும் சக்தி. ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 பந்தயங்களில் 29-ஐயும் ஆர்32-வே ஜெயித்தது. ஒன்றைக்கூட விடவில்லை. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை 1991-லும் 1992-லும் ஜெயித்தது. இரண்டு முறையும் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் ஜோடி. இந்தக் காருக்கு 'காட்ஸில்லா' என்று பட்டப்பெயர் வைத்ததும் ஆஸ்திரேலியப் பத்திரிகைதான்.

ஆர்32 ஜிடி-ஆர் 1994 வரை 43,000-க்கும் மேல் தயாரானது. கணக்கில் ரொம்பக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் எத்தனை, தொழிற்சாலையை விட்டு வந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கின்றன? அங்கேதான் கதை ஆரம்பம்.

கட்டிப்போட்ட குதிரை

மாற்றுகிற கட்சிக்கு ஆர்32 மாதிரி நல்ல வக்கீல் கிடைக்காது. ஏனென்றால் இந்தக் கார் பிறக்கும்போதே கட்டிப்போடப்பட்டுத்தான் பிறந்தது.

ஜப்பானியக் கார் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தன. சட்டம் இல்லை, பெரிய மனுஷர்களுக்குள் வாய்மொழியாக ஒரு ஏற்பாடு. எந்தக் காரும் 280 குதிரைத்திறனுக்கு மேல் காட்டக்கூடாது. 1989-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு 2004-ல் ஹோண்டா லெஜெண்ட் 300 குதிரைத்திறனோடு வந்தபோதுதான் உடைந்தது. ஆகவே ஆர்32-வும் காகிதத்தில் 280. அதே என்ஜின் ரேஸ் காரில் 500-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது!

அதோடு விடவில்லை. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் குழாய்க்குள் ஒரு சின்னத் தடுப்பு. அதை எடுத்தாலே பூஸ்ட் ஏறும். மணிக்கு 180 கி.மீ. வேகம் வந்ததும் என்ஜின் தானாக அடங்கிவிடும்.

"இதுவா ஒரிஜினல்?" என்று மாற்றுகிற கட்சிக்காரர் கேட்பார். என்ஜினியர் மனசில் நினைத்த கார் ஒன்று, ஒப்பந்தத்துக்குப் பயந்து வெளியே விட்ட கார் இன்னொன்று. இரண்டாவதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவதில் என்ன அர்த்தம்? தடுப்பை எடுத்துவிடுகிறவன்தானே அந்த என்ஜினியருக்கு உண்மையான சிஷ்யன்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜப்பானில் இதை நம்பியே ஒரு பெரிய தொழில் வளர்ந்தது. ஃபூஜி மலை அடிவாரத்தில் 1973-ல் ஆரம்பித்த எச்.கே.எஸ். மாதிரி கம்பெனிகள் டர்போ, சைலன்சர், கம்ப்யூட்டர் என்று வரிசையாக இறக்கின. 1995-ல் ஜப்பான் அரசு மாற்றங்கள் மீதான விதிகளைத் தளர்த்தியதும் அது இன்னும் பெரிதானது. புதுக் கார் வாங்கியவர் வீட்டுக்குப் போவதற்கு முன் பட்டறைக்குப் போன காலம்!

ஒரு நூலை இழுத்தால்...

இனி எதிர்க்கட்சி. அவர்களிடம் இருக்கும் வலுவான சாட்சி ஒரு சின்ன விசிறிச் சக்கரம்.

டர்போவுக்குள் புகைச் சூட்டில் சுழலும் சக்கரம் ஒன்று இருக்கும். வழக்கமாக அது உலோகத்தில் இருக்கும். ஆர்32-வில் நிஸ்ஸான் அதைச் செராமிக்கில் செய்தது. செராமிக் எடை குறைவு, அதனால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் சட்டென்று சுழல ஆரம்பிக்கும். காலுக்கும் காருக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு நொடித் தயக்கம் குறையும். ரோட்டில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய சுகம்.

ஆனால் செராமிக்குக்கு ஒரு எல்லை உண்டு. பூஸ்டை ரொம்ப ஏற்றினால் சூடும் சுழற்சியும் தாங்காமல் சக்கரம் தண்டிலிருந்து உடைந்து போய்விடும். தடுப்பை எடுத்துவிட்டு, "சும்மா கொஞ்சம் ஏத்தினேன், அவ்ளோதான்" என்று சொன்ன எத்தனையோ பேர் டர்போவைப் பறிகொடுத்திருக்கிறார்கள். சரி, டர்போவை மாற்றலாம் என்று உலோகச் சக்கரம் வைத்த பெரிய டர்போ போட்டால்? காற்று அதிகம் வரும், அதற்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். இன்ஜெக்டர் போதாது. இன்ஜெக்டரை மாற்றினால் பெட்ரோல் பம்ப் போதாது. பம்ப்பை மாற்றினால் கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தெரியாது. கம்ப்யூட்டரைச் சரிசெய்தால் கிளட்ச் வழுக்கும். கிளட்சை மாற்றினால் கியர்பாக்ஸ் கதறும். வேகம் வந்தபிறகு பிரேக் போதாது.

சட்டையில் ஒரு நூல் தொங்குகிறதே என்று இழுத்தால் கடைசியில் சட்டையே கையோடு வருவது போலத்தான் இது.

எதிர்க்கட்சி சொல்ல வருவது இதுதான். தொழிற்சாலையில் செய்த கார் என்பது ஒரு எண் இல்லை, ஆயிரம் சமரசங்களின் கூட்டல். குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும், டிராஃபிக்கில் சூடாகக் கூடாது, வாரண்டி காலம் தாண்ட வேண்டும். செராமிக்கும் அந்தத் தடுப்பும் 280-ம் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை பொய்யாகிவிடும்.

நிஸ்ஸானுக்கே இது தெரியும். ரேஸ் விதிக்காக 1990-ல் 560 கார்கள் மட்டும் 'நிஸ்மோ' பெயரில் தனியாகச் செய்தபோது, செராமிக்கை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டது. ரோட்டுக்கு ஒன்று, ரேஸுக்கு ஒன்று. கம்பெனி தெரியாமல் செய்த தப்பு இல்லை அது, தெரிந்தே செய்த தேர்வு.

சந்தை என்ன சொல்கிறது?

இப்படியே சண்டை போய்க்கொண்டிருந்தபோது அமெரிக்கச் சட்டம் ஒன்று நடுவில் புகுந்தது. 1988-ல் வந்த சட்டப்படி, அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராத வெளிநாட்டுக் காரைச் சுலபத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் 25 வயது ஆகிவிட்டால் அந்தத் தடை இல்லை. ஆர்32-வுக்கு அந்த வயது 2014-ல் ஆரம்பித்தது. 1999-ல் வந்த ஆர்34-க்கு 2024-ல்.

பணம் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த அமெரிக்கர்கள் ஜப்பானுக்குள் தேட ஆரம்பித்தார்கள். தேடியபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மாற்றாத கார் கிடைப்பது அபூர்வம்! இருபத்தைந்து வருஷமாகக் கை மாறிக் கை மாறி, ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு ஆணியைப் பிடுங்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் "பாவம், காசில்லை போல, அப்படியே வெச்சிருக்கான்" என்று பரிதாபமாகப் பார்க்கப்பட்ட கார்தான் இப்போது விலை அதிகம்.

டொயோட்டா சுப்ராவிலும் இதே கதை. 11,000 மைல் சொச்சம் மட்டுமே ஓடிய, கைபடாத 1994 சுப்ரா ஒன்று 2019-ல் அமெரிக்க ஏலத்தில் 1,73,600 டாலருக்குப் போனது.

"பார்த்தீர்களா, ஒரிஜினல்தான் ஜெயித்தது" என்று முதல் கட்சி துள்ளிக் குதிக்கும். கொஞ்சம் பொறுக்கணும்.

'தி ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' படத்தில் வரும் ஆரஞ்சு சுப்ரா நினைவிருக்கிறதா? பின்னால் பெரிய இறக்கை, பக்கவாட்டில் படம், எல்லாம் மாற்றிய கார். அது 2021-ல் லாஸ் வேகஸ் ஏலத்தில் 5,50,000 டாலருக்குப் போனது. பால் வாக்கர் 2009-ல் வந்த நாலாவது படத்தில் ஓட்டிய நீல நிற ஆர்34, அதுவும் மாற்றிய கார்தான், 2023-ல் 13,57,000 டாலர்!

நடிகர் மவுசு, அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பீர்களா? சரி, நடிகரே இல்லாத கணக்கு ஒன்று. நிஸ்மோ நிறுவனமே 2000-களின் நடுவில் 'இஸட்-ட்யூன்' என்று ஒன்று செய்தது. புதுக் கார் இல்லை, ஓடிய பழைய ஆர்34-களை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, என்ஜினை 2.8 லிட்டராக்கி, 500 குதிரைத்திறனோடு திருப்பிக் கட்டியது. மொத்தம் 20-ஐ ஒட்டித்தான் செய்தார்கள். இன்றைக்கு ஜிடி-ஆர் உலகத்திலேயே மிக அதிக விலைக்குப் பேசப்படும் கார்களில் அதுவும் ஒன்று. ஒரிஜினல் ஆர்34-ஐக் கலைத்துத்தானே அதைச் செய்தார்கள்?

ஆக, சந்தை ஒரிஜினலுக்கும் ஓட்டுப் போடவில்லை, மாற்றியதற்கும் போடவில்லை. அபூர்வத்துக்கும் கதைக்கும்தான் போட்டது. சந்தையை நீதிபதியாக வைத்தால் இந்த வழக்கு முடியாது.

ஒரிஜினல் என்றால் எது ஒரிஜினல்?

இன்னும் ஒரு சிக்கல். கைபடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர் எதைக் கைபடாமல் வைத்திருக்கிறார்?

டயர் ரப்பர். முப்பது வருஷத்துப் பழைய டயரில் ஓட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. பெல்ட் ரப்பர். ஹோஸ் ரப்பர். என்ஜின் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றியே ஆக வேண்டும். வயரிங்கின் மேலுறை காய்ந்து நொறுங்கும். ஓட்டாமல் மூடி வைத்தால் நல்லது என்று நினைப்பதும் தப்பு. நின்றுகொண்டே இருக்கும் காரில் டேங்க் பெட்ரோல் கெட்டுப்போகும், சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும், பிரேக் பிடித்துக்கொள்ளும். பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவை மடிப்பிலேயே கிழிகிற மாதிரி.

அப்போது புதுப் பாகம் வேண்டும். கம்பெனியோ எப்போதோ செய்வதை நிறுத்திவிட்டது. 2017-ல் நிஸ்ஸான் 'நிஸ்மோ ஹெரிட்டேஜ்' என்ற பெயரில் ஆர்32-வுக்கான சில பாகங்களைத் திரும்பச் செய்து விற்க ஆரம்பித்தது. ஹோஸ், வயரிங் எல்லாம் அதில் உண்டு. பிறகு ஆர்33, ஆர்34-க்கும் நீட்டியது. டொயோட்டாவும் சுப்ராவுக்கு இதே மாதிரி ஏற்பாடு செய்தது. 2019-ல் நிஸ்ஸான் இன்னொன்றையும் அறிவித்தது. பழைய மாடல்களின் தகட்டுப் பாகங்களை அச்சு இல்லாமலே, இரண்டு ரோபோக்கள் தகட்டின் இரண்டு பக்கமும் நின்று கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உருவாக்கும் முறை.

யோசித்துப் பாருங்கள். 1990-ல் இல்லாத ரோபோ, இப்போது செய்த தகடு, ஆனால் பெட்டி மேல் கம்பெனி முத்திரை. இது ஒரிஜினலா?

தொழிற்சாலை செய்ததெல்லாம் வேதவாக்கும் இல்லை. ஆரம்பகால ஆர்32 என்ஜின்களில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் இடத்தில் கிராங்க் தண்டின் பிடிப்பு குறுகலாக இருந்தது. கடினமாக ஓட்டினால் பம்ப் உடைந்து என்ஜினே போய்விடும். பின்னால் வந்த என்ஜின்களில் நிஸ்ஸானே அதை அகலமாக்கிவிட்டது. என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது அந்தப் பிடிப்பை அகலமாக்கிக்கொள்ளாமல், "1989-ல் இப்படித்தான் இருந்தது" என்று பழைய குறையையே பக்தியோடு மாட்டுகிறவர் எதைக் காப்பாற்றுகிறார்? கம்பெனியே திருத்திக்கொண்ட ஒரு தப்பை.

கோடு எங்கே?

ஆக, ஒரிஜினலா மாற்றியதா என்று கேட்பதே கொஞ்சம் கோணலான கேள்வி. நேரான கேள்வி வேறு. செய்த காரியத்தைத் திரும்ப அவிழ்க்க முடியுமா, முடியாதா?

சக்கரம், ஸ்பிரிங், சைலன்சர், ஸ்டீயரிங், சீட், கம்ப்யூட்டர், டர்போகூட, எல்லாம் போல்ட்டில் நிற்பவை. ஸ்பேனர் எடுத்தால் ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ பழையபடி ஆகிவிடும். கழற்றிய சாமான் பத்திரமாக இருந்தால், அவ்வளவுதான்.

ஆனால் அகலச் சக்கரம் போட மட்கார்டை வெட்டினால்? பாடியில் துளை போட்டால்? உள்ளே இரும்புக் கூண்டு கட்டி வெல்டிங் வைத்தால்? சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினால்? பிறந்ததிலிருந்து இருந்த பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தால்? எண் பொறித்த சொந்த பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு என்ஜின் இறக்கினால்? எத்தனை லட்சம் கொட்டினாலும் இதெல்லாம் திரும்பாது. திரும்பின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். டிங்கரிங் பார்த்த இடத்தை எவ்வளவு நன்றாக மெழுகினாலும் தெரிந்தவன் கண்ணுக்குத் தெரியும்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கைபடாத காரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு வேண்டாம் என்று விட்டால் பத்து வருஷம் கழித்தும் செய்யலாம். வெட்டிய காரை மட்டும் வெட்டாத கார் ஆக்கவே முடியாது. ஆகவே இந்த எண்ணிக்கை ஒரு பக்கம்தான் போகும். கடைசி ஆர்32 தயாரானது 1994-ல். அதற்குப் பிறகு கைபடாத ஆர்32-களின் எண்ணிக்கை ஒரு வருஷம்கூட ஏறியதில்லை, ஏறவும் முடியாது. ஒவ்வொரு கத்திவெட்டும் ஒரு சொந்தக்காரரின் ஆசையை மட்டும் தீர்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் வரப்போகிற எல்லோருக்கும் சேர்த்து அவரே முடிவு செய்துவிடுகிறார்.

"என் காசு, என் கார்" என்ற வாதம் இங்கேதான் இடிக்கிறது. சட்டப்படி அது அவர் கார்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாதிரி காருக்கு ஆயுசு மனுஷனை விட ஜாஸ்தி. இன்றைய சொந்தக்காரர் ஆர்சி புத்தகத்தில் ஒரு பெயர். அவருக்கு முன்னால் நாலு பேர், பின்னால் எத்தனை பேரோ. அந்த நாலு பேரில் ஒருவர் வெட்டாமல் விட்டதால்தான் இவருக்கு இப்போது யோசிக்கவே வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு

இதை வைத்துக்கொண்டு ஒரிஜினல் கட்சி வெற்றி விழா கொண்டாட முடியாது. ஏனென்றால் இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

அந்த ஆரஞ்சு சுப்ராவை வாங்கியவர், "ஒரிஜினலாக்கறேன்" என்று இறக்கையைக் கழற்றி, கம்பெனி நிறம் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உலகத்தில் இன்னொரு சாதாரண சுப்ரா கூடியிருக்கும், சினிமா சரித்திரத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும்.

சினிமாவுக்கு மட்டும் இல்லை. ஜப்பானில் 'டாப் சீக்ரெட்' பட்டறையின் ஸ்மோக்கி நகாட்டா, டொயோட்டா சுப்ராவுக்குள் நிஸ்ஸான் ஜிடி-ஆர் என்ஜினை இறக்கி, 1998-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ராத்திரியில் பொதுச் சாலையிலேயே மணிக்கு சுமார் 317 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் போலீஸிடம் மாட்டிக்கொண்டார். (யாரும் பின்பற்ற வேண்டிய உதாரணம் இல்லை!) கூட்டல் கழித்தல் பார்த்தால் அந்தக் காரில் எதுவுமே கம்பெனி ஐட்டம் இல்லை. ஆனால் 1990-களின் ஜப்பானியப் பட்டறைக்காரர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடைக்காது. அந்த மாதிரி காரைப் பிரித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருவது காப்பாற்றுவது ஆகாது. அழிப்பதுதான்.

அந்தக் காலத்தில், அந்தக் காலத்துப் பாகங்களோடு, கை தேர்ந்தவர்கள் செய்த மாற்றத்துக்கும் இப்போது வயசாகிவிட்டது. அதுவும் ஒரு ஒரிஜினல்தான். திரும்பச் செய்ய முடியாதது எதுவோ அதைத் தொடும்முன் கை கொஞ்சம் நடுங்க வேண்டும். அது கம்பெனி பெயின்ட்டாக இருந்தாலும் சரி, முப்பது வருஷத்துக்கு முன் பட்டறைக்காரர் வைத்த வெல்டிங்காக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒரு பெட்டி

ஜப்பானில் கார்களுக்கு 'ஷாகென்' என்று ஒரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்று வருஷம் கழித்து, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மாற்றங்கள் விதியை மீறியிருந்தால் தேறாது. அதனால் பலர் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கழற்றிய கம்பெனி சைலன்சர் முதலான சாமான்களை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பரிசோதனை வரும்போது மட்டும் மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றிவிடுவது!

திருட்டுத்தனம்தான். ஆனால் விதியை ஏமாற்றுவதற்காகப் பரணில் போட்டு வைத்த அந்தச் சாமான்களால்தான் இன்றைக்கு எத்தனையோ கார்கள் திரும்பத் தங்கள் பழைய முகத்துக்கு வர முடிகிறது. தெரியாமல் செய்த புண்ணியம்.

அதைத் தெரிந்தே செய்தால் என்ன? ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளட்டும், நல்ல பிரேக் போட்டுக்கொள்ளட்டும், பூஸ்டைக்கூட அளவோடு ஏற்றிக்கொள்ளட்டும். சந்தோஷமாக ஓட்டட்டும். ஓட்டாத காருக்காக யாரும் 29 பந்தயம் ஜெயிக்கவில்லை. செய்ய வேண்டியது இரண்டே இரண்டு. எதை எப்போது மாற்றினோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது. கழற்றியதை ஒரு பெட்டியில் போட்டு, காரை விற்கும்போது பெட்டியையும் சேர்த்துக் கொடுப்பது.

எந்த ஊர்ப் பட்டறையிலும் வேலை முடிந்ததும் ஒரு கேள்வி வரும். "பழசை என்ன சார் பண்றது, இரும்புக் கடைக்குப் போட்டுடவா?" சொந்தக்காரர் அப்போது பில்லைப் பார்த்துக்கொண்டு, புது டர்போ எப்படி இழுக்கும் என்ற நினைப்பில், சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டிருப்பார். "போட்டுடுப்பா" என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"வேணாம்பா, டிக்கியில வை" என்று சொல்வதற்கும் அதே ஒரு நொடிதான்.